நூற்று இருபத்தேழைத் தாண்டிய உலை

காவல் ஆய்வாளர் ஐயா, நான் பத்தாம் வகுப்பு மாணவி, வயது பதினைந்து. பெயிண்ட் பட்டறை உலை எரிந்த வழக்கில் தங்கள் காவலில் இருப்பவர் என் உடன்பிறந்த அண்ணன். பட்டறை மேஸ்திரியான எங்கள் தாய்மாமா வீட்டு மாடி அறையில் அம்மாவோடு குடியிருக்கிறோம். மாமா கீழே தூங்குகிறார். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

கதவுகளுக்கு அடித்த பெயிண்டைக் காயவைக்கும் மின் உலைக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்தது அண்ணன். அதிலுள்ள மலிவான கணினிச் சில்லுக்குத் தசமக் கணக்கு தெரியாது. "அதனால ஒரு டிகிரிய இருநூத்தி அம்பத்தாறு துண்டா நறுக்கி, முழு எண்ணாக் குடுக்கறேன், வாலு," என்றார். எண் வைக்கும் இடம் நிறைந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "நூத்தி இருபத்தேழு வரைக்கும் தாங்கும். தாண்டினா மைனஸ்ல குப்புற விழும். தொண்ணூறுல ஓடற உலைக்கு அந்தக் கவலை எதுக்கு?" என்றார்.

சம்பவத்தன்று மாலை மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அப்போது மாமா உலையின் சூட்டளவு வைக்கும் குமிழைத் தொண்ணூறிலிருந்து நூற்று இருபத்தைந்துக்குத் திருப்பியதைப் பார்த்தேன். பெயிண்டர், "அண்ணே, உங்க மருமகன் திட்டப்போறாரு," என்றார். "அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டதே நான்தான்யா. சீக்கிரம் காய்ஞ்சா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்," என்று மாமா சிரித்தார். அதன் பிறகு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு உலை எரிந்தது. அதன் பிறகு மாமா, குமிழை யாரும் தொடவில்லை என்றும், முதலாளியோடு சண்டை போட்ட கோபத்தில் அண்ணன் சில்லுக்குள் ஏதோ வைத்துவிட்டார் என்றும் தங்களிடம் சொன்னார்.

இன்று இரவு அண்ணனின் அலமாரியிலிருந்து அதே மாதிரிப் பலகை ஒன்றை எடுத்தேன். சோதனைக்காக அதில் வெப்பமானிக்குப் பதில் ஒரு திருகு உண்டு. டிக் சத்தம் கீழே கேட்காதபடி ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ரிலே சுவிட்சைத் தலையணையால் அமுக்கிக்கொண்டேன். முதலில் குமிழைத் தொண்ணூறில் வைத்தேன். உலைச் சூடு வைத்த அளவை இரண்டு மூன்று டிகிரி தாண்டித்தான் இறங்கும், அதனால் தொண்ணூற்று மூன்று வரை திருகினேன். ஹீட்டர் ஓடுவதைக் காட்டும் விளக்கு ஒழுங்காக அணைந்தது. அதன் பிறகு நூற்று இருபத்தைந்து வைத்தேன். நூற்று இருபத்தாறில் விளக்கு அணைந்தது. நூற்று இருபத்தேழிலும் அணைந்தே இருந்தது. இன்னும் மயிரிழை திருகினேன். திரையில் மைனஸ் நூற்று இருபத்தெட்டு. விளக்கு பளிச்சென்று எரிந்தது.

கொதிக்கிற உலையைப் பனிக்கட்டி என்று நினைத்து, சில்லு இன்னும் இன்னும் சூடேற்றியிருக்கிறது. மறுபடி செய்தேன், மறுபடி அதேதான். சிரிப்பை அடக்க முடியாமல் போர்வையைக் கடித்துக்கொண்டேன். அம்மா புரண்டு படுத்து, "இன்னும் தூங்கலையாடி?" என்றார். "கணக்குப் போடறேன்மா," என்றேன். அது பொய்யில்லை.

உள்ளே எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை. எண் அளவைத் தாண்டாதபடி தடுப்பு வைக்காதது அண்ணனின் கவனக்குறைவு, தீ வைப்பு அல்ல. மாமாவும் வேண்டுமென்று செய்யவில்லை, பயத்தில் மறைக்கிறார்.

காலையில் பலகையைப் பள்ளிப் பையில் வைத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவருவேன். யாரும் சொல்லி இதை எழுதவில்லை. கண்ணால் கண்டதும் கையால் திருகியதும் மட்டுமே இதில் உண்டு. சந்தேகம் இருந்தால் தாங்களே திருகிப் பார்க்கவும். மாமாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு திருகவும். அப்போது நான் அண்ணன் பக்கத்தில் நிற்க அனுமதிக்கவும்.

(ஒப்பம்)
காவலில் இருப்பவரின் தங்கை