பச்சை வராத வேன்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் கோப்பி கேட்கிறானே என்று பார்க்காதீர்கள், சேர். கொழுந்து வாசத்திலேயே வளர்ந்தவனுக்குத் தேத்தண்ணி சலித்துவிடும்.

விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டது அந்தக் கருவியைப் பற்றி. பலாங்கொடைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் ஸ்டோர், லீவு, வாகனம் எல்லாம் இப்போது ஒரே இணையச் செயலியில்தான். யாரோ டீசலை உறிஞ்சி விற்றதிலிருந்து, திரையில் பச்சை வராமல் தோட்டத்து வண்டி எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது மானேஜர் துரையின் உத்தரவு. யாருக்குப் பச்சை, யாருக்குச் சிவப்பு என்று தீர்மானிக்க ஓர் ஓப்பன் சோர்ஸ் கருவியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை, ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் என்னிடம் கொடுத்தார். துரைக்கு ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம். அதற்கு மேல் அவர் தலையைப் போட்டுக் குழப்பிக்கொண்டதில்லை.

முதலில் பார்த்த கருவி பதவியை வைத்து அனுமதி தரும். பறிப்பதென்றால் பதவியையே பறிக்க வேண்டும். தோட்டமே ஏன் என்று கேட்கும். இரண்டாவது, ஒவ்வோர் அனுமதியையும் தனித்தனியே வைக்கும். கொழுந்து கிள்ளுவதுபோல வேண்டியதை மட்டும் கிள்ளலாம். ஆனால் அதற்கு வாய் நீளம்: யார் கிள்ளினார், ஏன் கிள்ளினார் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும். மூன்றாவதும் கிள்ள விடும், ஆனால் ஊமை. மறுத்தால் 'பிறகு முயற்சிக்கவும்' என்பதோடு சரி. எங்கோ ஒரு நாட்டில் ஒரு மனிதர் தனியாளாக ஓய்வு நேரத்தில் எழுதி, ஊருக்கு விட்டது.

மூன்றாவதைச் சிபாரிசு செய்தேன். சிறியது, வேகமானது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்றேன். எல்லாம் உண்மைதான். தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது அனிற்றா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒருத்தரோட அனுமதிய எடுத்தா, அவங்களுக்குத் தெரிய வருமாங்க?"

"அதெல்லாம் தேவைப்படாதுங்க," என்றேன்.

அனிற்றாமேல் எனக்குக் கோபமே கிடையாது. மாதா திருவிழாவில் அவர் சொன்னதை எப்போதோ மறந்துவிட்டேன். "பாஸ்வேர்ட் மாத்திக் குடுக்கிற ஆளுக்கு இவ்வளவு பவுசா?" நீலச் சேலை, கையில் கடலைச் சுருள். துரையின் மனைவி, துரைசாணிகூடச் சிரித்தார்.

முதலில் அவருடைய லீவு அனுமதியைக் கிள்ளினேன். என்னிடம் வந்து கேட்டார், திருப்பிக் கொடுத்தேன். பிறகு ஸ்டோர். இந்த முறை, "கொஞ்சம் பாத்து விடுங்க" என்றார். மனிதர்களிடம் பணிவு வளர்வதைப் பார்ப்பது இனிமையான விஷயம், சேர். அடுத்தது வேன்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் விஜயகலாவுக்குத் தலைப்பிரசவம். அனிற்றா வேனுக்குப் பொத்தானை அழுத்தியிருக்கிறார், 'பிறகு முயற்சிக்கவும்.' துரை கொழும்பில். கேட் காவலாளி சிங்களத்தில் "பே" என்றாராம், முடியாது என்று. அவருக்கு முன்பு இருந்தவர் பச்சை இல்லாமல் திறந்து வேலையை இழந்தவர். டிரைவர் வேலுசாமி சாவியும் கையுமாக நின்றார். நான் ஆபீசில் மத்தியானச் சோற்றில் கை வைத்திருந்தேன். போன் அடித்தது, அனிற்றா.

"வினோத், வேனுக்குப் பச்சை வரல்ல. புள்ள குறுக்கால கெடக்குது. தெறந்து விடுங்க."

"டூல்ல ஏதோ கோளாறு போலங்க. பாக்கிறேன்."

ஒரே ஒரு பொத்தான். கையைக் கழுவிவிட்டு அழுத்தலாம் என்றிருந்தேன். அவர் 'கொஞ்சம்' என்று சொல்லாததைக் கவனித்தேன். மறுபடி எடுப்பார் என்று காத்திருந்தேன், எடுக்கவில்லை. விஜயகலாவைக் கீழ் ரோட்டுக்குத் தூக்கிப் போய் த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே பிள்ளை போய்விட்டது. விஜயகலா பிழைத்தார். இனி அவருக்குப் பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

துரையிடம் கருவியைக் குறை சொன்னேன். அதை எழுதியவருக்கும் எல்லோரும் பார்க்க எழுதினேன், உங்கள் கருவியால் ஒரு பிள்ளை செத்தது என்று. பாவம், நல்ல மனிதர். மன்னிப்புக் கேட்டார். எவ்வளவு தேடியும் பிழையைக் காணவில்லை என்றார். பிறகு கருவியையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். மனதைத் தளர விட வேண்டாம் என்று பதில் போட்டேன்.

அனிற்றா உங்களிடம் சொன்னது சரி. வேன் அனுமதியை எடுத்தது நான்தான், தெரிந்துதான் எடுத்தேன். ஆனால் 'தடுத்தார்' என்று எழுதாதீர்கள், சேர். அவர் இன்னொரு முறை, கொஞ்சம் தன்மையாகக் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளை இன்று தவழ்ந்துகொண்டிருக்கும்.