கூண்டு பங்களா இருந்த இடம்

இல்ல சார், இடம் இதுதான். நீங்க தப்பா வரல. கையில போட்டோவ வச்சுக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா நீங்க நடந்தத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இங்கனதான் இருந்துச்சு கூண்டு பங்களா. உங்க படத்துல இடது ஓரத்துல ஒரு வேப்பமரம் இருக்கா? அந்தா நிக்குது பாருங்க, அதே மரந்தான். கட்டடந்தான் இல்ல.

அஞ்சு மாசம் ஆச்சு. போன மாசியில இடிச்சு முடிச்சாச்சு.

இப்படி நெழலுக்கு வாங்க. ஆடிக் காத்து புழுதிய அள்ளிப் போடுது, கண்ணத் தொறக்க முடியாது. இந்தக் கல்லு மேல உக்காருங்க. பங்களாக் கல்லுதான், நல்லா சமமா இருக்கும். ஆபீஸ்ல ஓவர்சியர் எபநேசரப் போயிப் பாருங்கன்னு சொல்லி அனுப்புனாங்கல்லா, அது நான்தான்.

ஆர்டரக் குடுங்க பாப்போம். ம். பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடம், யாரும் ஒரு கல்லக்கூட பெயர்க்கப்படாதுன்னு போட்டிருக்கு. சரி. கையெழுத்து வேணுமா? போடுதேன். கிடைச்சுதுன்னு எழுதுனாப் போதும்லா. இந்தாங்க.

எப்படி இடிச்சாங்கன்னா, விழப்போகுதுன்னு ரிப்போர்ட் போச்சு, இடிச்சாங்க. ரிப்போர்ட் யாரு குடுத்ததா? நான்தான் குடுத்தேன்.

பூவனலிங்கம் அண்ணாச்சிய நீங்க பாக்கலையோ? உங்க பைல்ல இருக்க மனு ஏழும் அவிய எழுதுனதுதான். டேஷனுக்குப் போற ரோட்டுல போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்காவ. கல்யாணம், காதுகுத்து, தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் சைஸுன்னு எடுத்துக்கிட்டு இருந்த மனுஷன். ஒரு நா இந்தப் பங்களாவப் படம் எடுக்க வந்திருக்காவ, அந்தானைக்குக் கிறுக்கு பிடிச்சுப் போச்சு. ரயிலு வாரதுக்கு முன்னால தபால் குதிரைய மாத்துறதுக்கு வெள்ளக்காரன் கெட்டுன பங்களா சார் இது. கீழ லாயம், மேல மச்சு, அதுக்கும் மேல வட்டமா ஒரு கூண்டு. தபால் குதிரை தூரத்துல வரும்போதே அந்தக் கூண்டுல இருந்து பாத்து மாத்துக் குதிரைய ரெடி பண்ணி வப்பாங்களாம். அண்ணாச்சி சொன்னதுதான், எனக்கென்ன தெரியும். ஊருல முக்காவாசிப் பேருக்கு அது பருத்தி மூடை போடுத இடம், அம்புட்டுதான்.

மூடையும் போடாம சும்மா கெடந்த நாள்ல, இத இடிச்சுட்டுக் கடை கெட்டலாம்னு பேச்சு வந்துச்சு. அண்ணாச்சி மனு போட்டாவ. இடிக்காதீங்க, ஊருக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு, காப்பாத்தணும்னு. மேல இருந்தவங்களும் சரி, கட்டடம் எப்படி இருக்குன்னு பாத்து எழுதுன்னு என்ன அனுப்புனாங்க. இருபத்தி ரெண்டு வருச சர்வீஸ்ல எத்தனையோ கட்டடம் பாத்திருக்கேன், இத உள்ள போயிப் பாத்ததில்ல. பாத்த பெறகுதான் தெரிஞ்சுது அண்ணாச்சிக்கு ஏன் கிறுக்குப் பிடிச்சுதுன்னு.

நம்ம கரிசல் மண்ணு இருக்குல்லா, அது கட்டடத்துக்கு எமன் பாத்துக்கிடுங்க. மழை பேஞ்சா ஊதும். வெயிலடிச்சா கை போற அகலத்துக்கு வெடிக்கும். போன வருசம் கெட்டுன காங்கிரீட் கட்டடத்த இந்த வருசம் போயிப் பாருங்க, சொவத்துல ஆறு மாதிரி விரிசல் ஓடும். கூண்டு பங்களாவுல அது கெடையாது. நான் ஒரு மூலையில தோண்டிப் பாத்தேன். பன்னெண்டு அடிக்குக் கரிசல வெட்டி எறிஞ்சுட்டு, அடியில இருக்க சுக்கான் பாறையில கல்ல உக்கார வச்சிருக்கான். காரைய ஆணிய வச்சுக் கீறுனேன், ஆணிதான் மழுங்குச்சு.

விரிசலே இல்லையான்னா, மூணு எடத்துல இருந்துச்சு. மயிரு மாதிரி. அதுக்கு நாங்க ஒண்ணு செய்வோம் சார். விரிசலுக்குக் குறுக்க சின்னதா ஒரு கண்ணாடித் துண்ட சிமிண்டு வச்சு ஒட்டித் தேதி எழுதி விட்டுருவோம். சொவரு எறங்குச்சுன்னா கண்ணாடி உடைஞ்சு காட்டிக் குடுத்துரும். முந்தின வருசம் ஐப்பசியில மூணும் ஒட்டுனேன். ஒரு மழை போச்சு, ஒரு கோடை போச்சு. புரட்டாசியில போயிப் பாக்கேன், மூணு கண்ணாடியும் ஒட்டுன மாதிரியே இருக்கு. அண்ணாச்சி ஞாயித்துக்கெழமை தோறும் என்கிட்ட சாவி வாங்கிப் போயிப் பாத்துட்டு வந்து சொல்லுவாவ. எபநேசர், முழுசா இருக்குய்யான்னு. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுப்போச்சுங்குற மாதிரி சொல்லுவாவ.

ஆமா, அப்பம் எப்படி விழப்போகுதுன்னு எழுதுனேன்னு கேக்குதீங்க. கேக்க வேண்டியதுதான்.

பொய் எழுதுனேன் சார்.

போன ஐப்பசியில மொத மழை பேஞ்சு நின்ன மறுநா காலையில வெள்ளென போனேன். சாவி என்கிட்டதான் இருந்துச்சு. கையில சின்னச் சுத்தியலு. மூணு கண்ணாடியையும் தட்டுனேன். ஒரு தட்டுக்கு ஒண்ணு. ஆபீஸுக்கு வந்து எழுதுனேன். கரிசல் இளகி அஸ்திவாரம் எறங்கிருக்கு, கண்ணாடி மூணும் உடைஞ்சிருக்கு, ஆள் நடமாட்டத்துக்கு ஆபத்து, உடனே இடிக்கணும். யாரும் வந்து பாக்கல. கரிசல்னு எழுதுனா இந்த ஊருல யாரு இல்லன்னு சொல்லுவா?

யாரும் எனக்கு எதுவும் தரல சார். நீங்க நெனைக்கது தெரியுது. கடை கெட்டுதவன் யாருன்னே எனக்கு அன்னைக்குத் தெரியாது. ஒரு டீ வாங்கித் தந்ததில்ல. விசாரிச்சுக்கிடுங்க.

பொங்கல் கழிஞ்சு இடிக்க ஆரம்பிச்சாங்க. சாமித்துரைன்னு ஒரு காண்ட்ராக்டர், எப்போதும்வென்றான் ஊருப் பக்கத்துல இருந்து ஆள் கொண்டாந்தான். ரெண்டு வாரத்துல தரையாக்கிருவேன்னான். எட்டாம் நா என்கிட்ட வந்து நிக்கான். சார், நாளைக்கு விழும் நாளன்னைக்கு விழும்னு எழுதுனீங்களாமே, கடப்பாரை முனை மழுங்குது, நேத்து ஒருத்தனுக்கு சம்மட்டி தெறிச்சு மொழங்கை போச்சு, இது எந்தூரு ஆபத்தான கட்டடம்னு கேட்டான். கூண்டுல இருந்து ஆரம்பின்னேன். கூண்டுக்கு மட்டும் ஒம்பது நா ஆச்சு. மொத்தம் நாப்பத்தஞ்சு நாளு. தெனமும் வந்து இந்த மரத்தடியிலதான் நிப்பேன். அந்தா அந்த டீக்கடை வாசல்ல அண்ணாச்சி நிப்பாவ, காமெராவோட. ஒவ்வொரு கல்லு விழுதப்பவும் எடுத்தாவ. உங்க ஆபீஸுக்கு அனுப்பலையா? அனுப்ப மாட்டாவ. இல்லாத கட்டடத்துக்கு எதுக்கு அனுப்பணும்.

அவியளுக்குத் தெரியும் சார்.

ரிப்போர்ட் போன மறுநா ஆபீஸுக்கு வந்தாவ. என் மேசைக்கு முன்னால நின்னாவ, உக்காரல. எபநேசர், போன ஞாயித்துக்கெழமை நான் பாத்தேன், மூணும் முழுசா இருந்துச்சேன்னாவ. இப்பம் உடைஞ்சிருக்குல்லான்னு நான் சொன்னேன். உள்ள போக சாவி ஒங்ககிட்ட மட்டுந்தான இருக்குன்னாவ. ஆமா, என்கிட்டதான் இருக்குன்னேன். அப்பம் நான் வாரேன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ.

அதுக்கப்புறம் போட்ட மனுவுல கண்ணாடியப் பத்தி ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இருக்காது. கட்டடம் பழசு, பெருமை உள்ளது, காப்பாத்துங்கன்னுதான் எழுதிருப்பாவ. ஓவர்சியர் கண்ணாடிய உடைச்சுட்டான்னு ஒரு கார்டு போட்டிருந்தா போதும், அன்னைக்கே நீங்கள்லாம் வண்டியேறி வந்திருப்பீங்க, என் வேலையும் போயிருக்கும். போடல.

ஏன் போடலன்னா, அவிய என் வீட்டுச் சாவுக்குத் துட்டி கேக்க வந்திருந்தாவல்லா. அதுக்கு மூணு வாரத்துக்கு முன்னால.

எம்மக சார். மேரிராணி. ஒத்தப் பிள்ளை. பத்தொம்பது வயசு, டைப்பு கிளாஸ் போயிக்கிட்டு இருந்தா.

புரட்டாசியிலதான். மூணு கண்ணாடியும் முழுசா இருக்குன்னு சொன்னேன்லா, அதே நாளு. காலையில சோறு எடுக்காம வந்துட்டேன். ரத்தினம், என் வீட்டுக்காரி, பிள்ளைகிட்ட தூக்குச்சட்டியக் குடுத்து விட்டிருக்கா, கிளாஸுக்குப் போற வழியில குடுத்துட்டுப் போன்னு. நான் மேல கூண்டுல இருந்தேன். நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தேன். நல்ல நெலையில் உள்ளது, பாதுகாக்கத் தகுந்ததுன்னு எழுதியாச்சு, அளவு மட்டுந்தான் பாக்கி. ரொம்ப நாளைக்குப் பெறகு எனக்கு மனசு நெறைஞ்சு இருந்துச்சு சார் அன்னைக்கு. கீழ இருந்து அப்பா, சோறு வச்சுட்டுப் போறேன்னு சத்தம் குடுத்தா. நான் எட்டிப் பாத்து, ஏட்டி, மேல வா, இங்கன இருந்து பாரு, எட்டயபுரம் பஸ்ஸு வாரது எறும்பு ஊருத மாதிரி தெரியுதுன்னேன். வேண்டாம்ப்பா, நேரமாச்சுன்னா. சும்மா வாட்டி, ஒரு நிமிசந்தானன்னேன்.

வந்தா. பாத்தா. நல்லாருக்குப்பான்னா. காத்துல தாவணியப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு சுத்து சுத்தி வந்து நாலு பக்கமும் பாத்தா. பெறகு எறங்குனா.

வளைஞ்சு வளைஞ்சு எறங்குத படி. நூறு வருசமா ஆளு ஏறி எறங்கி நடுவுல குழிஞ்சு வழுவழுன்னு கெடக்கும். படியில ஒரு தப்பும் கெடையாது. ஒவ்வொண்ணையும் நான் தட்டிப் பாத்தவன். கிளாஸுக்கு நேரமாச்சுன்னு வேகமா எறங்கிட்டா, அவ்வளவுதான். தூக்குச்சட்டி உருளுத சத்தந்தான் எனக்கு மொதல்ல கேட்டுச்சு. சட்டியத் தவற விட்டுட்டான்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டே மிச்ச வரியையும் எழுதுனேன் சார். ஒரு வரி. பெறகுதான் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போகும்போதே உசுரு இல்ல.

வேண்டாம் சார், நீங்க என்ன சொல்ல முடியும். உக்காருங்க.

ஆபீஸுக்குப் போற ரோடு இதுதான. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. எந்தப் பக்கம் தலையத் திருப்புனாலும் கூண்டு தெரியும். ஊருக்குள்ள எங்கன நின்னாலும் தெரியும் அது. எங்க வீட்டு மாடியில துணி காயப்போட ஏறுனாலும் தெரியும். போயிட்டா நல்லதுன்னு நெனச்சேன். அதான் கண்ணாடியத் தட்டுனேன். கட்டடத்து மேல எனக்குக் கோவம்லாம் கெடையாது. கட்டடம் என்ன செய்யும்? ஏட்டி, மேல வான்னு கூப்பிட்டது அது இல்லையே.

இல்ல சார். கட்டடம் போன பெறகும் ஒண்ணும் மாறல. கடைசிச் சொவரு விழுந்த அன்னைக்கு வீட்டுக்குப் போயி கை கால் கழுவிட்டுச் சோறு தின்னேன். நல்லா தூங்குனேன். அழுகை வரும்னு எதிர்பாத்தேன், வரல. நிம்மதி வரும்னு பாத்தேன், அதுவும் வரல. இப்பவும் அந்தப் பக்கமா போம்போது தல தானா மேல பாக்குது. ஆகாசந்தான் இருக்கு.

அண்ணாச்சியா? பேசுவாவ. எதுக்க வந்தா, என்ன எபநேசர் சவுக்கியமான்னு கேப்பாவ. ஒரு நா என்னைய நாலு கேள்வி கேட்டிருந்தா நல்லா இருக்கும்.

அப்பம் எனக்கு ஒண்ணு தெரியாது பாத்துக்கிடுங்க. ரத்தினம் தெனமும் பன்னெண்டு மணிக்கு இங்கன வந்துக்கிட்டு இருந்திருக்கா. பிள்ளை விழுந்ததுல இருந்து. கம்பிக் கதவு வழியா பாத்தா கடைசிப் படி தெரியும், அங்கன நின்னு ஜெபம் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிருக்கா. என்கிட்ட சொல்லல. நானும் அவகிட்ட இடிக்கப் போறாங்கன்னு சொல்லல. இடிக்க ஆரம்பிச்ச பெறகுதான் டீக்கடைக்காரன் சொன்னான், உங்க வீட்டம்மா வந்து நிக்காவ, கல்லு தெறிக்கும், வர வேண்டாம்னு சொல்லுங்கன்னு. வீட்டுல போயிச் சொன்னேன். சரின்னா. வேற ஒண்ணும் கேக்கல. யாரு இடிக்கச் சொன்னான்னு கேக்கல.

எல்லாம் முடிஞ்ச பெறகு ஒரு நா வந்தா. வெறும் பொட்டல். அங்கனையும் இங்கனையும் நடந்து பாத்துட்டு, இந்த மரத்தடியில நின்ன என்கிட்ட வந்து, எந்த இடம்னு தெரியல, நீங்க சொல்லுங்கன்னா. நான்தான அளந்தவன்.

அந்தா வாரா பாருங்க, கறுப்புக் குடை பிடிச்சுக்கிட்டு. மணி பன்னெண்டாயிருக்கும். நீங்க எந்திரிக்க வேண்டாம், நம்மளப் பாக்க மாட்டா. நேரா அந்த செங்கல் அடுக்குக்கு அந்தப் பக்கம் போயி நிப்பா. அஞ்சு நிமிசந்தான். போயிருவா.

அந்த இடம் இல்ல சார். நான் சும்மா கைகாட்டுனது. படி இருந்தது இந்தப் பக்கம். கடைகளுக்கு வாரவங்களுக்குக் கக்கூஸ் கெட்டணும்னு அதுலதான் குழி தோண்டிட்டாங்க.