செல்லுக்கு ஏது கால்?

— அதத் தொட்டுத் தொட்டு வேல பாக்கறியே அன்புச்செல்வி, உனக்கு ஒட்டிக்காதா?

— ஒட்டாதுங்க ஆன்ட்டி. போன தடவ பொண்ணு பாக்க வந்தவங்களும் இதையேதான் கேட்டாங்க. கேன்சர் செல்ல வெச்சு ஆராய்ச்சி பண்றேன்னதும் காபியக்கூடக் குடிக்காம எழுந்துட்டாங்க.

— நான் ரெண்டு டம்ளர் குடிச்சாச்சு. கீழ உங்கப்பாவும் என் பையன் பிரசாத்தும் பேசிட்டு இருக்கட்டும். மாடியிலேர்ந்து மலையப் பாக்கணும்னு உன்ன இட்டாந்ததே இதக் கேக்கத்தான். கட்டி ஒரு எடத்துல இருக்கு. அது எப்பிடி ஈரலுக்குப் போவுது? ரத்தம் இழுத்துட்டுப் போவுதா?

— ரத்தத்துல ஏறணும்னா மொதல்ல கட்டிய விட்டு வெளிய நடந்து வரணுமே.

— நடக்குதா? செல்லுக்கு ஏது கால்?

— அப்பப்ப முளைக்கும். உள்ள ஆக்டின்னு மெல்லிசான நூல் இருக்கு. அது நீள நீள, செல்லோட ஓரம் கால் மாதிரி வெளிய துருத்தும். அத ஊனிக்கிட்டு மிச்ச ஒடம்ப இழுத்துக்கும். பின்னாடி இருக்கற நூல வெட்டி, அந்தத் துண்டையே முன்னாடி கோத்துக்கும்.

— வெட்டுறது கோக்குறது எல்லாம் யாரு?

— அதுக்குன்னு புரதங்க இருக்கு. நீட்ட ஒண்ணு, வெட்ட ஒண்ணு, நூலெல்லாம் சேத்துக் கட்ட ஒண்ணு. கேன்சர் செல்லுல இதுங்கள்ல சிலது ஜாஸ்தியாயிடும். நான் அந்தச் சேத்துக் கட்டுறதக் கம்மி பண்ணிப் பாத்தேன்.

— இன்னா ஆச்சு?

— கால் நிக்கல, மடங்கிடுச்சு. வழியில ஜெல்லு மாதிரி ஒரு தடுப்பு போட்டிருந்தேன். முக்காவாசி செல்லு அதத் தாண்டல. சாவல, இருந்த எடத்துலயே இருந்துச்சு. அன்னிக்கு லேபுல நான் தனியா டான்ஸ் ஆடினேன்.

— அப்ப மருந்து வந்துடுமா?

— ஒடனே வராது ஆன்ட்டி. காயம் ஆறணும்னா நல்ல செல்லும் இப்பிடித்தான் நடக்கணும். எல்லாத்தையும் நிறுத்திட முடியாது.

— எனக்கு நாலு வருஷம் முன்னாடி மார்புல ஆபரேஷன் ஆச்சு கண்ணு. பரவல தனம்மான்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஏன் பரவலன்னு கேட்டேன், உங்க நல்ல நேரம்னுட்டாங்க. பொண்ணு வீட்டுல இதச் சொல்லவே கூடாதுன்னு சொந்தக்காரங்க உத்தரவு.

— ஏன்னு என்னாலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. அது கால் ஊனுறதுக்குள்ள எடுத்துட்டாங்க போல.

— இது போதும். உள்ள எங்கியோ பறந்துட்டே இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். கஷ்டப்பட்டு நடந்துதான் வரணுமா அது. ஏம்மா, அழுவுறியா?

— சிரிக்கிறேன் ஆன்ட்டி. இத்தன பேரு வந்தாங்க, என் வேலையப் பத்திக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்ட மறைக்கத் தோணல. படிப்ப முடிக்க இன்னும் ஒரு வருஷம் ஆவும். அது வரைக்கும் எனக்குக் கல்யாணம் வேணாம். அப்பாகிட்டச் சொல்லத்தான் பயமா இருக்கு.

— நான் சொல்லிக்கிறேன். பிரசாத்தும் இப்ப வேணாம்னுதான் சொன்னான். நீ இன்னா படிக்கறன்னு தரகர் சொன்னதும், இதக் கேக்கறதுக்காவே அவன இழுத்துட்டு வந்தேன்.