நான்காம் கட்டமும் என் சமையலறை ஜன்னலும்

அடுத்தவர் சண்டையில் நான் வாயைத் திறப்பதில்லை. ஜன்னலைத் திறப்பதோடு சரி. அன்றும் அப்படித்தான் திறந்தேன்.

"பார்க்கிங் கார்டை கண்ணாடிக்குப் பின்னாடிதான்யா வச்சேன். உங்க கம்பெனிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்திக்கொண்டிருந்தாள் டெனிஸ்.

"எங்கிட்ட ஏன் மேடம் கத்துறீங்க? நான் போர்டு மாட்ட வந்தவன்" என்றான் ஏணி மேலிருந்தவன்.

"அப்ப போர்டுகிட்டயே கத்துறேன். நீ தள்ளு."

டெனிஸ் நாய்களுக்கு முடி வெட்டுபவள். அவளுடைய உயரமான வேனின் பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு பூடில் நாய் சிரிக்கும். முற்றத்துக்கு எதிர்ப்புறம் தரைத்தளத்தில் அவளுடைய அம்மா நோரீன் தனியாக இருந்தாள். இடுப்பெலும்பு போனதிலிருந்து பிடித்துத் தூக்க ஆள் வேண்டும். டெனிஸ் தினமும் இரண்டு மணிக்கு வந்து அம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், குளிப்பாட்டி, சூப் ஊட்டிவிட்டுப் போவாள். விருந்தினர் வண்டிக்கு எங்கள் குடியிருப்பில் ஒரே இடம், நான்காம் எண் கட்டம். அது என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே.

லீட்ஸில் வெயில் அடிப்பதே அபூர்வம். அடிக்கும் நாளிலும் நான் ஆறு மாதமாகப் பார்த்தது பூடிலைத்தான். செவ்வாய்க்கிழமைகளில் பாதிரியாரின் சைக்கிள் ஒன்பதாம் எண் வீட்டு வாசலில் ஏன் நிற்கிறது என்பதை ஒரு நாயின் படத்தை ஊடுருவியா தெரிந்துகொள்வது?

தனியார் பார்க்கிங் கம்பெனியைக் கொண்டுவந்தது எங்கள் குடியிருப்போர் கமிட்டி. செயலாளர் நான். தவறாக நிற்கும் வண்டியைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும், மிச்சத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். கமிஷன்கூட உண்டு, நான் வாங்கவில்லை. பொதுச்சேவை.

விருந்தினர் அட்டையை வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் எழுத்து தெரியும்படி வைக்க வேண்டும். டெனிஸ் வைத்தாள். ஆனால் சூப்பும் துவாலையுமாக ஓடும் அவசரத்தில் வேன் கதவைப் பூட்ட மாட்டாள். கதவைச் சாத்தும் காற்றில் அட்டை கவிழ்ந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆறு தடவை அது கவிழவில்லை. அந்த ஆறு தடவையும் நான் கொஞ்சம் உதவினேன். பிறகு படம் எடுத்தேன்.

சிவப்பு எழுத்தில் அபராதக் கடிதம் வந்தால் இங்கே எல்லோரும் பயந்து கட்டிவிடுவார்கள். டெனிஸ் கட்டவில்லை.

"ஒரு பென்னி தர மாட்டேன், மேவிஸ் ஆன்ட்டி. கோர்ட்டுக்கு வரட்டும், பாத்துக்கறேன். நீங்க எனக்குச் சாட்சி சொல்லுவீங்கல்ல?"

"இதென்ன கேள்வி, தங்கம்? உங்கம்மா எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி."

கம்பெனி வழக்குப் போட்டது. எதிர்வாதத்தை என் மேஜையில் வைத்துத்தான் எழுதினோம். இஞ்சி பிஸ்கட் கொடுத்தேன். எழுத்துப்பிழைகளைக்கூடத் திருத்தினேன்.

சிறு வழக்கு நீதிமன்றம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பல் டாக்டரின் காத்திருப்பு அறை மாதிரி ஓர் அறை. நீதிபதியின் தலையில் வெள்ளை விக்கைக்கூடக் காணோம். கம்பெனி வக்கீல் கோப்பை அன்று காலையில்தான் பிரித்திருப்பான் போல, டெனிஸை "மிஸ்டர்" என்றான். அவள் ஜெயித்துவிடுவாள் என்றே எனக்குத் தோன்றியது. அப்போது நீதிபதி என் பக்கம் திரும்பி, "அட்டை நேராக இருந்ததை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"வழக்கமா நேராத்தாங்க இருக்கும். அந்த ஆறு நாளும் இருந்துச்சான்னு கேட்டா, சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல முடியாதுங்க" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. டெனிஸ் தோற்றாள். வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க உண்மையைத்தானே சொன்னீங்க ஆன்ட்டி, விடுங்க" என்று என்னையே தேற்றினாள்.

கம்பெனியிடம் வழக்கில் தோற்றவருக்கு விருந்தினர் அட்டை கிடையாது என்பது கமிட்டி விதி. எழுதியவள் நான், ஒப்புக்கொண்ட மூவரும் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். டெனிஸ் வேனை வீட்டில் விட்டு, இரண்டு பஸ் மாறி வர ஆரம்பித்தாள்.

முற்றம் பளிச்சென்று ஆகிவிட்டது. பாதிரியார் விஷயம் ஒரே வாரத்தில் தெளிந்தது. நோரீனின் கூடம்கூட மூலைவரைக்கும் தெரிந்தது.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை எல்லாமே எனக்குத் தெரிந்தது. இரண்டாவது பஸ் வரவில்லை. மூன்று மணிவரை பொறுத்த நோரீன் தானே எழுந்து, வாக்கரைப் பிடிக்கப்போய் விழுந்தாள். முகம் என் பக்கம் இருந்தது. கையைத் தூக்கி ஆட்டினாள். பதிலுக்கு நானும் ஆட்டினேன்.

போன் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஜன்னலில் உட்கார்ந்து அடுத்த வீட்டை வேவு பார்ப்பவள் என்று பெயர் வரும். நாற்பது வருடமாக இங்கே கௌரவமாக இருக்கிறேன். டெனிஸ் எப்படியும் வருவாள் என்றும் நினைத்தேன். வந்தாள், ஐந்தரைக்கு. அதுவரை நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. நோரீனைத் தனியாக விட மனம் வரவில்லை. கை ஆடுவது நாலரைக்கு நின்றது.

சவ அடக்கத்துக்கு முட்டை சாண்ட்விச் செய்து எடுத்துப் போனேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

டெனிஸ் அந்த இரண்டாவது பஸ்ஸின் டிரைவரையே கல்யாணம் செய்துகொண்டு விட்பி பக்கம் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறாள். நோரீன் வீட்டில் புதிதாக ஒரு ஜோடி வந்திருக்கிறது. வந்த அன்றே ஜன்னல் முழுக்கத் தடித்த திரை போட்டுவிட்டார்கள். கமிட்டியில் சொல்லப்போகிறேன். நாளைக்கு அவர்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், யார் பார்ப்பது?