எண் முப்பத்தொன்றுக்கு ஊற்றாத மருந்து

என் பெயரும் விலாசமும் இவ்வாக்குமூலத்தின் தலைப்பில் உள்ளபடி. வயது நாற்பத்திரண்டு. ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் பிரிவில் பதினாறு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மார்பகப் புற்றுநோய் மருந்து மூளைக் கட்டியையும் அடக்குமா என்று பார்ப்பது எங்கள் வேலை.

என் தங்கையின் தலையிலிருந்து அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துண்டு எங்களிடம் வந்தது. பெட்டியில் எண் முப்பத்தொன்று என்று மட்டுமே இருந்தது; அன்று தலை அறுவை ஒன்றே ஒன்று என்பதால் எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கையிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "என் மூளையில ஒரு துண்டு உன்கிட்ட இருக்கா? அதையாவது பட்டினி போடாம பாத்துக்கோ" என்றாள்.

அதன் பிறகு தினமும் காலையில் அதற்கு உணவான இளஞ்சிவப்புத் திரவத்தை மாற்றினேன். நுண்ணோக்கியில் செல்கள் கைகால் நீட்டிக் கிடந்தன. சின்ன வயதில் தங்கை கட்டில் முழுக்கக் கைகாலைப் பரப்பிக்கொண்டு தூங்குவாளே, அப்படி. பார்க்கப் பார்க்க மெஷின் இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்கும், மணி போவதே தெரியாது.

மருந்து ஊற்றும் நாளில் மற்ற முப்பது எண்களுக்கும் ஊற்றினேன். முப்பத்தொன்றின் மூடியைத் திறந்ததும் கை ஓடவில்லை. கட்டி சாகத்தான் வேண்டும் என்று புத்திக்குத் தெரியும். இருந்தும் மருந்தில்லாத வெறும் கரைசலை ஊற்றிவிட்டு, பதிவேட்டில் மருந்து என்று எழுதினேன். யாரும் தூண்டவில்லை.

அதன் பிறகு, முப்பத்தொன்றில் பலன் இல்லை என்று ஆஸ்பத்திரிக்கு முடிவு போனது. அதைப் பார்த்து டாக்டர் தங்கைக்கு அந்த மருந்தின் மாத்திரை வேண்டாம் என்றார். வேலை போய்விடுமே என்று பத்தொன்பது நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதற்குள் தங்கையின் இடது கைக்குக் கரண்டி பிடிக்க வராமல் போனது. அதைப் பார்த்த அன்றே தலைமை ஆய்வாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மிச்சமிருந்த செல்களுக்குத் தன் கையாலேயே மருந்து ஊற்றினார். என்னை உள்ளே விடவில்லை. நான்காம் நாள் திரையில் காட்டினார். அவை சுருண்டு, பிடியை விட்டு, ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. "போங்க, போயிடுங்க" என்று சொல்லி அழுதேன்.

இன்று காலை தங்கை முதல் மாத்திரையை விழுங்கினாள். கேட்குமா என்று டாக்டருக்கே தெரியாது. அவளிடம் நடந்ததைச் சொன்னேன். வலது கையால் தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "லூசு அக்கா, அது நானா? நான் இங்கதானே இருக்கேன்" என்றாள்.

எழுதியவர் இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்தொன்பது நாள் என்பதை எண்ணால் போடாமல் எழுத்தால் எழுதச் சொன்னதும் நானே.

(கையொப்பம்)