சொல்லக் கூடாத வார்த்தை

— பட்டனை விடாம அமுக்காதீங்க சார். ஒரு தடவை போதும். மையத்துல மணி அடிச்சிருக்கும்.

— பாரு மினோவா, இந்த லிஃப்ட் கம்பெனியில எனக்கு இருபத்தாறு வருஷம். எனக்கே பட்டன் அமுக்கச் சொல்லித் தர்றியா?

— நீங்க செக்‌ஷன் தலைவர் சார். போனை எடுத்துப் பேசற இடத்துல இருந்தது நான்.

— சரி, சரி. இத்தனூண்டு நிலநடுக்கம். அலமாரியில ஒரு கிண்ணம்கூட விழுந்திருக்காது. அதுக்குப் போய் ஆறாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவுல நிக்குதே.

— பழைய மாடல் சார், ஆட்டம் தெரிஞ்சா அப்படியே நின்னுடும். ஆள் நேர்ல வந்து பாத்துட்டுத்தான் ஓட்டணும். இந்நேரம் செண்டாய் ஊர் முழுக்க லிஃப்ட் இப்படித்தான் நிக்கும்.

— இதுக்குத்தான் உன் வீட்டு வாசலோட நின்னுக்கோன்னு சொன்னேன். கீழ வரைக்கும் வந்து அனுப்புவேன்னு நீதான் அடம்பிடிச்சே.

— அவசர உதவி மையத்திலிருந்து ஹோசோமி பேசுகிறேன். உள்ளே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? உடல்நலம் சரியில்லாதவர்கள் யாராவது இருக்கிறார்களா?

— ரெண்டு பேர்மா. நல்லா இருக்கோம். மத்தவங்களை முதல்ல பாருங்க.

— மிக்க நன்றி. ஆள் வருவதற்குச் சற்று நேரமாகும். அதுவரை கன்பத்தே.

— ஆகட்டும்மா, தாக்குப்பிடிக்கறோம்.

— ஏன் சார் பேரைச் சொல்லலை? நம்ம செக்‌ஷன் பொண்ணுதானே?

— சொல்லவா? ஹிருகாவா தன் கம்பெனி லிஃப்ட்டுலயே மாட்டிக்கிட்டான்னு நாளைக்கு டீ குடிக்கற இடத்துல எல்லாம் இதே பேச்சா இருக்கும். நீயும் வாயைத் திறக்காதே. அது வந்து... அவ இப்ப சொன்னதை நீ மனசுல வெச்சுக்காதே.

— எதை சார்?

— அந்த வார்த்தையைத்தான். உன்கிட்ட யாரும் அதைச் சொல்லக் கூடாதுன்னு கம்பெனி டாக்டர் எழுத்துல குடுத்திருக்கார். உன் மனசு இருக்கற நிலைமைக்கு அது ஆகாதாம்.

— ஓ. அதான் நீங்க ஆபீஸ்ல இருந்து கொண்டுவந்த அட்டையில முப்பது பேர் வெயிலைப் பத்தி எழுதியிருக்காங்களா?

— வேற என்னத்தை எழுதுவாங்க? படுத்திருக்கறவனுக்கு நாலு வரி எழுதுன்னா நமக்கெல்லாம் தெரிஞ்சது அந்த வார்த்தை ஒண்ணுதான். 'கன்பத்தே'ன்னு எழுதக் கூடாதுன்னதும் ஆளாளுக்குப் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சாங்க. எவனோ ஒருத்தன் 'வெயில் கொளுத்துது'ன்னு ஆரம்பிச்சான். மத்தவங்க அதையே பிடிச்சுக்கிட்டாங்க.

— ஒருத்தர் மட்டும் தர்பூசணியைப் பத்தி எழுதியிருந்தார்.

— அது நான்தான்.

— உக்காருங்க சார், மூலையில இருக்கே, அந்த அவசரப் பெட்டி மேல. உள்ள தண்ணி வெச்சிருப்பாங்க. எடுக்கட்டுமா?

— ஒண்ணும் வேண்டாம். காத்து ஓட்டமே இல்ல, அதான் வேர்க்குது. பாரு, வந்த விஷயத்தை முடிச்சிடறேன். நாலு மாச லீவு இந்த மாசத்தோட முடியுது. ஒண்ணாம் தேதி நீ வரியா இல்லையான்னு இன்னிக்கு அஞ்சு மணிக்கு டைரக்டர்கிட்ட நான் சொல்லணும். வரலைன்னா உன் வேலை போயிடும். அதுக்காகத்தான் மேல உக்காந்து ஒண்ணரை மணி நேரமா பார்லி டீயாக் குடிச்சேன். நீ பிடி குடுக்கவே இல்ல.

— வந்தா அதே போன் மேஜைதானே சார்?

— அதே மேஜைதான். அந்த வேலைக்கு உன்னைவிட்டா எனக்கு யாரு இருக்கா?

— அங்க உக்காந்தா அந்த வார்த்தையைச் சொல்லணும்.

— அப்படி என்னய்யா விஷம் இருக்கு அதுல? பள்ளிக்கூட வாசல்ல எங்கம்மா எனக்குச் சொன்னது. பிரசவத்தப்போ என் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு நான் சொன்னது. ஓடறவனுக்குச் சொல்றோம், பரீட்சை எழுதறவனுக்குச் சொல்றோம், பக்கத்து வீட்டுக்காரன் சோபாவைத் தூக்கினா அவனுக்கும் சொல்றோம். விட்டுடாதே, தாக்குப்பிடின்னு அர்த்தம். அவ்வளவுதானே? அதைச் சொல்லாம ஒரு வீட்டை விட்டு எப்படிக் கிளம்பறதுன்னே எனக்குத் தெரியலை. ஷூவை மாட்டிக்கிட்டு உன் வாசல்ல எவ்வளவு நேரம் நின்னேன், பாத்தியா?

— பாத்தேன். பாவமா இருந்துச்சு. அதான் கூட வந்தேன்.

— நல்லா வந்தே போ.

— வீட்டுல சும்மாதானே இருந்தேன். அந்த வார்த்தை எங்க இருந்து வந்துதுன்னு அகராதியா எடுத்துப் பாத்தேன் சார். கண்ணை அகல விரிச்சுக்கிட்டுக் காவல் நிக்கறதைத்தான் பழைய காலத்துல அப்படிச் சொன்னாங்கன்னு சிலர் சொல்றாங்க. அப்புறம் ஒரு இடத்தை விட்டு நகராம நிக்கறதுன்னு ஆயிடுச்சாம். 'நான்'ங்கறதை விடாம இழுத்துப் பிடிக்கறதுதான் அதுன்னு வேற சிலர்.

— பாரு, நல்ல வார்த்தைதானே?

— காவல்காரனுக்கு நல்ல வார்த்தைதான். நடுவுல மாட்டிக்கிட்டு நகரவே முடியாம நிக்கறவன்கிட்ட போய் நகராதேன்னு சொல்றோமே சார்.

— நீ அந்த அகராதியைத் திறக்காமலே இருந்திருக்கலாம்.

— தாமதத்திற்கு மன்னிக்க வேண்டும், ஹோசோமி பேசுகிறேன். உங்களுக்கு முன்னால் இன்னும் நாற்பது கட்டடங்கள் இருக்கின்றன. விளக்கு எரிகிறது, காற்று இருக்கிறது, நாங்கள் உங்களோடு இருக்கிறோம். கன்பத்தே.

— ஆகட்டும்மா. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.

— இதை அவளுக்கு யார் சார் சொல்லிக் குடுத்தது?

— எதை?

— 'விளக்கு எரிகிறது, காற்று இருக்கிறது, நாங்கள் உங்களோடு இருக்கிறோம்.' அது நான் சொன்னது. பிப்ரவரி நிலநடுக்கத்துல, லிஃப்ட்டுல மாட்டிக்கிட்ட அந்தப் பெரியவர்கிட்ட. நான் இழுக்கற மாதிரியே இழுக்கறா.

— அது வந்து... புதுசா வர்றவங்களுக்கு அன்னிக்கு நீ பேசின பதிவைத்தான் போட்டுக் காட்டறேன். மூணரை மணி நேரம், ஒரு இடத்துலகூட உன் பொறுமை போகலை. அப்படிப் பேச இங்க யாருக்கு வரும்?

— கடைசி வரைக்கும் போடறீங்களா?

— கதவு திறக்கறதுக்கு முன்னால நிறுத்திடுவேன்.

— டோஃபு வாங்கிட்டு வந்துக்கிட்டிருந்தார் சார் அவர். வேளைக்குப் போடவேண்டிய மருந்து ஒன்பதாம் மாடியில இருக்கு, அவர் மூணுல நிக்கறார். உடம்புக்கு ஏதாவதுன்னு நான் முதல்லயே கேட்டேன். நல்லா இருக்கேன், மத்தவங்களைப் பாருங்கன்னார். எவ்வளவு நல்ல மனுஷன்னு நினைச்சேன். கன்பத்தேன்னேன். சரின்னார். போகப் போகக் குரல் மெலிஞ்சுக்கிட்டே வந்துது. நான் இன்னும் அன்பாச் சொன்னேன். சரின்னார்.

— அவர் உயிர் போனது உன் தப்பு இல்ல.

— அந்த வார்த்தைக்குச் 'சரி'யைத் தவிர நம்மகிட்ட வேற பதிலே கிடையாது சார். முடியாதுன்னு யாராவது சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? ஆறுதல் சொல்றதா நினைச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் நான் அவர் வாயை அடைச்சிருக்கேன். உடம்பு முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தீயணைப்புக்காரங்க வரிசை கிரிசை பாக்காம நேரா அங்க போயிருப்பாங்க. அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

— தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்யா.

— ஏன்?

— வெட்கமா இருக்கும். எத்தனையோ பேர் காத்துக்கிட்டிருக்கும்போது நான் மட்டும் எப்படின்னு தோணும். அந்தப் பொண்ணு வேற அவ்வளவு மரியாதையாப் பேசறா.

— எந்தப் பொண்ணு சார்? அவர்கிட்ட பேசினது நான்.

— ம்... நீதான். ஆமா. நீதான்.

— ஒண்ணாம் தேதி நான் வரலை சார். வேலை போனாப் போகட்டும். டைரக்டர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க. எனக்கு வேற பிழைப்புத் தெரியாது, பயமாத்தான் இருக்கு. ஆனா இன்னொருத்தர் என்கிட்ட 'சரி'ன்னு சொல்றதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல.

— மன்னிக்க வேண்டும், ஹோசோமி பேசுகிறேன். இன்னும் இரண்டு மணி நேரம் ஆகலாம். உங்கள் பொறுமைக்குத் தலைவணங்குகிறோம். தயவுசெய்து கன்பத்தே.

— பதில் சொல்லுங்க சார். நீங்க சொல்லாம அவ லைனை வைக்க மாட்டா.

— ஹோசோமி. ஏம்மா, நீ படிக்கறியே ஒரு தாள், அதைக் கொஞ்சம் கீழ வை.

— சார்? நீங்க... இது நம்ம ஹிருகாவா சார் குரலா?

— நான்தான். உள்ள யாருக்காவது உடம்பு முடியலையான்னு முதல்ல கேட்டியே, அதை இன்னொரு தடவை கேளு. கேட்டுட்டு வேற எதுவும் சொல்லாம இரு.

— உள்ள யாருக்காவது உடம்பு முடியலையா சார்?

— எனக்கு முடியலைம்மா. மார்ல வலி, காலையில இருந்தே.