சின்ன வெங்காயம்

மணிவண்ணன்: ...வாயத் தொறக்காத. போன் கேமுல நாலு பேரு ஆடுற டீமு, மூணு பேரா நின்னு அடி வாங்குனோம். ஜெயங்கொண்டம் பசங்க கெக்கே பிக்கேன்னு சிரிக்கிறானுவ.

முத்தமிழ்: மாமா, நான் சொல்ல வந்தது...

மணிவண்ணன்: மொதல்ல உள்ள வா. வேர்த்து ஊத்துது. பெரம்பலூர்லேருந்து அரியலூருக்கு வண்டியிலயா வந்த? எதுக்கு... மன்னிப்பு கேக்கவா?

முத்தமிழ்: மன்னிப்பா! உங்க போனு எங்க மாமா?

மணிவண்ணன்: இந்தா கெடக்கு. பிராக்டிஸ் ஆரம்பிச்சா போன் கால் எதுவும் வராம அடைச்சு வெச்சிருவேன். பொறுப்புன்னா அது.

முத்தமிழ்: இன்னுமா தொறக்கல? மணி ஏழாவுது.

மணிவண்ணன்: தோத்த எரிச்சல்ல எவன் தொறப்பான்? பேச்ச மாத்தாத. கோயில்ல மண்டகப்படி மாதிரிடா இது. அவனவன் நாளுக்கு அவனவன் நிக்கணும். இன்னிக்கு உன் நாளு. அஞ்சு மணி மேட்ச். எங்கடா போன?

முத்தமிழ்: பெரம்பலூர்லதான் மாமா, அக்காவ...

மணிவண்ணன்: நான் சொல்றேன் நீ எங்க இருந்தன்னு! ரெண்டு மணிக்கு நாங்க பிராக்டிஸ். ஐயா அதே கேமுல வேற ஒரு சும்மா ரூம்ல, பாயிண்டே இல்லாத ஆட்டம் ஆடிக்கிட்டிருந்தாரு. உள்ள புகுந்து வேடிக்கை பாத்தேன்டா. கூட ஒரு ஜோடி வேற. பேரு... சின்ன வெங்காயம்! தூ!

முத்தமிழ்: பேருக்கு என்ன கொறச்சல்? எங்க வேப்பந்தட்டையில வெளையிறதுதான.

மணிவண்ணன்: ஆட்டத்துல வெளையலயே! ஜீப்ப எடுத்து நேரா ஆத்துல வுடுது. துப்பாக்கிய கீழ போட்டுட்டு கோழியத் தொரத்துது.

முத்தமிழ்: சிரிக்கிறதுக்குத்தான் ஆடுது.

மணிவண்ணன்: சிரிக்கணும்னா சர்க்கஸுக்குப் போவச் சொல்லு! அப்புறம் நடு ரோட்டுல மரமாட்டம் நின்னுச்சு பாரு... ஒரு நிமிஷம், அசையல. நீ பக்கத்துல காவல் காக்குற. திரும்ப ஓடுது. திரும்ப நிக்குது.

முத்தமிழ்: ஏழு நிமிஷத்துக்கு ஒரு தரம்.

மணிவண்ணன்: அடேங்கப்பா... கணக்கு வேற எடுத்தியா?

முத்தமிழ்: எடுக்கச் சொன்னாங்க.

மணிவண்ணன்: நல்லா சொன்னாங்க! அதே வெங்காயம் நம்ம குரூப்புலயும் இருந்துச்சு, தெரியும்ல? வரிசையா ரெண்டு பிராக்டிஸ் வரல. தூக்கிக் கடாசிட்டேன்.

முத்தமிழ்: ரெண்டாவது தரம் வராதது என்னிக்கு, ஞாபகம் இருக்கா?

மணிவண்ணன்: இல்லாம? உங்க அக்கா வளைகாப்பு அன்னிக்கு. பந்தல்ல உக்காந்துகிட்டே வந்தவன் வராதவன் பட்டியல் போட்டேன். பொண்டாட்டி வளைகாப்புலயே நான் கடமைய வுடல. அந்த வெங்காயத்துக்கு என்ன வந்துச்சு கேடு?

முத்தமிழ்: கை நெறைய வளையலு மாமா. மணையில உக்காந்திருந்துச்சு.

மணிவண்ணன்: ...என்னடா ஒளர்ற?

முத்தமிழ்: வூட்டுல இருந்தா நீங்க அந்த போனுக்குள்ளதான இருக்கீங்க. அங்கயாச்சும் உங்ககூட இருக்கலாம்னு அக்கா தானா ஆடக் கத்துக்கிட்டா. ஒரு மேட்ச் ஜெயிச்சுட்டு பேரச் சொல்றேன்னா. அதுக்குள்ள தூக்கிட்டீங்க.

மணிவண்ணன்: சுகன்யாவா? ...ஏன்டா, அவ எதுக்கு அப்பப்ப நின்னா?

முத்தமிழ்: வலி வர்றப்ப போனை கட்டில்ல வெச்சுடுவா.

மணிவண்ணன்: எந்தக் கட்டில்ல?

முத்தமிழ்: பெரம்பலூர் ஆஸ்பத்திரிக் கட்டில்ல. மத்தியானம் வலி எடுத்துச்சு. நீங்க போன அடைச்சப்புறம் இருவத்திரெண்டு தரம் உங்களக் கூப்பிட்டோம். வாசல்ல கால வெச்சதும் சொல்லத்தான் வந்தேன். வாயத் தொறக்காதன்னீங்க. சரி, கடமை தவறாத மனுசன், ஆசை தீரப் பேசட்டும்னு நின்னுட்டேன். பொண்ணு பொறந்திருக்கு. அஞ்சு பத்துக்கு.

மணிவண்ணன்: ஐயோ... ரெண்டு பேரும் நல்லாருக்காங்களாடா?

முத்தமிழ்: நல்லாருக்காங்க. உங்களத்தான் காணும்.

மணிவண்ணன்: வண்டிய எடு. எடுடா! ...மாப்ள, ஒண்ணு. மத்தியானம், பிராக்டிஸுக்கு கொஞ்சம் முந்தி அவ போன் பண்ணா. என்னன்னு கூட கேக்கல நான். லாரி ஆபீஸ்ல லோடு அதிகம், டூட்டியில இருக்கேன்னு சொல்லி வெச்சுட்டேன். நீ எதையும் சொல்லிடாத, ஒன்ன கெஞ்சிக் கேக்குறேன்.

முத்தமிழ்: நான் என்னத்தச் சொல்றது? வெச்ச கையோட அவ கேமத்தான் தொறந்து பாத்தா. உங்க பேருக்கு நேரா, நீங்க ஆட்டத்துல இருக்கீங்கன்னு பச்ச வெளக்கு எரிஞ்சுது. என்கூட ஆடுறப்பவும், பிரசவ ரூமுக்குள்ள தள்ளிக்கிட்டுப் போற வரைக்கும் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தா.